காப்பு கட்டிய ஊர்

1992ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எங்கள் வீட்டில் எல்லாம் வழக்கமான வரிசையில்தான் நடந்தன. அப்பா இருட்டிலேயே எழுந்து பால் சொசைட்டிக்குப் போனார். அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அம்மாவின் தம்பியான சின்ன மாமா பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு, எதிர் வீட்டிலிருந்து வந்த இரண்டு அவித்த முட்டைகளை உப்பு தொட்டுச் சாப்பிட்டார்.

முட்டை எங்கள் வீட்டுச் செலவில்லை. அது ஊர் ஏற்பாடு. கோடை வந்தால் சடுகுடு செட்டில் ஆடும் ஏழு பேருக்கும் வீடுகள் முறை வைத்து முட்டை கொடுக்கும். முட்டை இல்லாத வீடு வேர்க்கடலை கொடுக்கும். அதுவும் முடியாத வீட்டிலிருந்து யாராவது ஒருவர் மாலையில் வந்து ஆடுகளத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். காய்ந்த ஏரியின் ஒரு மூலைதான் ஆடுகளம். அந்த மண்ணைச் சல்லடையில் சலித்துக் கல் பொறுக்குவது பெண்களின் வேலை. ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடக் கூலிக்கு ஆடியவர் இல்லை. ஒருவர் ஏர் ஓட்டுவார், ஒருவர் பால் வண்டி ஓட்டுவார், சின்ன மாமா டவுனில் வெல்டிங் பட்டறைக்குப் போவார். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் ஏரியில் இறங்கிவிடுவார்கள்.

அப்பாதான் செட்டின் பொறுப்பாளர். இத்தனை சின்ன ஊர் எப்படி ஜெயிக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் அவரிடம் கேட்பதுண்டு. அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"ஆடறது ஏழு பேருதாங்க. ஆனா தோத்துட்டு வந்தா வூடு வூடா பதில் சொல்லணும்."

அது உண்மைதான். ஒருமுறை தோற்று வந்தபோது எதிர் வீட்டு அத்தை பால் வண்டிக்காரரைத் தெருவில் நிறுத்தி, "எம் முட்டைய துன்னுட்டு நடுக்கோட்ட தொட முடியலயாடா உனக்கு?" என்று கேட்டாள். அவர் அடுத்த ஒரு வாரம் வேறு தெரு வழியாகப் பால் வண்டியை ஓட்டினார்.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. மலையைச் சுற்றியிருந்த ஊர்கள் கூடிக் கோடைதோறும் ஒரு சடுகுடுப் போட்டியை நடத்தின. அதில் இரண்டு தட்டு உண்டு. மேலே பெரிய ஆட்டம், கீழே சின்ன ஆட்டம். சின்ன ஆட்டத்தில் ஜெயித்த ஊர் அடுத்த கோடையில் மேலே ஏறும். பெரிய ஆட்டத்தில் கடைசியில் நின்ற ஊர் கீழே இறங்கும். பெரிய ஆட்டத்தில் ஒருமுறை தோற்றால் உடனே வெளியேற வேண்டியதில்லை. தோற்ற ஊர்கள் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயிப்பவர் மறுபடி உள்ளே வரலாம். இரண்டாம் முறை தோற்றால்தான் பாயைச் சுருட்ட வேண்டும். நாங்கள் பல வருடம் சின்ன ஆட்டத்தில் கிடந்து, முந்தைய கோடையில்தான் அதில் ஜெயித்திருந்தோம். மேலே ஏறிய முதல் வருடமே ஒருமுறை தோற்று, மறுவாய்ப்பில் தப்பி, இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். ஊரில் யாருக்கும் தரையில் கால் பாவவில்லை.

போட்டியில் விதிகள் பல இருந்தாலும் யாரும் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று இருந்தது. ஒருவன் தன் ஊருக்கு மட்டும்தான் ஆடலாம். எது அவன் ஊர் என்பதற்கும் கணக்கு இருந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால், கூழ் ஊற்றி முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. போன ஆடியில் காப்பு கட்டிய இரவு எந்த ஊரில் படுத்தானோ, அந்தக் கோடையில் அவன் அந்த ஊர் ஆள். பிறந்த ஊர் வேறாக இருந்தாலும் சரி. ஆட்சேபம் சொல்பவர்கள் இறுதி ஆட்டத்துக்கு முதல் விசில் ஊதுவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆட்சேபம் உண்மையானால் அந்த ஆள் வெளியேறுவான். அவனுக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. இப்போது இதே போட்டியில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிறார்கள், ஆட்டத்தை செல்போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அன்று காப்புதான்.

சின்ன மாமா இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இருந்தார். முந்தைய ஆடியில் காப்பு கட்டிய இரவு அவர் எங்கள் ஊரில் இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பம்பை சத்தம் கேட்டு நான் பயந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரகம் காட்டியவர் அவர். விரதம் இருந்த இளைஞர்களுக்கெல்லாம் மஞ்சள் கயிறு கொடுத்தார்கள். அவருடைய கயிற்றை அவர் மணிக்கட்டில் முடிந்தவள் நான். முடிச்சு சரியாக விழவில்லை என்று மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். அவர் கையை நீட்டியபடியே தூங்கிப்போனார்.

இறுதி ஆட்டத்தில் எங்களை எதிர்த்தது அம்மா பிறந்த ஊர்.

அவர்கள் அணியில் பிடி ஆட்டக்காரராக நின்றவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். மூச்சுப் பிடித்துச் சடுகுடு பாடி வந்தவனின் கணுக்காலை அவர் பிடித்துவிட்டால் ஆள் நகர முடியாது என்பார்கள். எங்கள் பக்கம் பாடிப் போவதில் சின்ன மாமாவை மிஞ்ச ஆள் இல்லை. அண்ணனும் தம்பியும் மோதப் போகிறார்கள் என்று மலையைச் சுற்றி எல்லா ஊரிலும் பேச்சு.

வேங்கிக்கால் ஏரிப் பக்கம் ஒரு காலி மைதானம். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அங்கே வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் போனோம். ஆட்டம் பார்க்க எப்போதும் வராத அம்மாவும் அன்று வந்தாள். வண்டியில் பெண்கள் அவளை விடவில்லை.

"ஏம்மா, நீ எந்தப் பக்கம் கை தட்டுவ?"

"ரெண்டு கை இருக்குது இல்ல?" என்றாள் அம்மா. டிரெய்லரே சிரித்தது.

சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மூங்கில் கம்பத்தில் ஒலிபெருக்கி. நடுவராக வேற்றூரைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். இரு அணிகளும் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டன. சின்ன மாமா பெரிய மாமாவிடம் கை நீட்டியபோது பெரிய மாமா கை கொடுக்கவில்லை. நடுவரைப் பார்த்துத் திரும்பி, "ஒரு ஆட்சேபம் இருக்குதுங்க" என்றார்.

 எனக்கு வாயிலிருந்த வேர்க்கடலையை மெல்ல மறந்துபோனது.

"இவன் எங்க ஊர்க்காரன்ங்க. என் கூடப் பொறந்த தம்பி. இவன எப்படி அவங்க ஆட வெக்கலாம்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மச்சான், இவ்ளோ நாளா தெரியாதா உனக்கு? ரெண்டு வருஷமா எங்க வூட்ல சோறு துன்றான். போன ஆடிக்குக் காப்பு கட்னதும் இங்கதான். ஊரே பாத்துச்சு."

"உங்க ஊரு பாத்தா உங்க ஊரு அப்படித்தான் சொல்லும்."

எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அவர்கள் ஆட்கள் திருப்பிக் கத்தினார்கள். யாரோ யார் சட்டையையோ பிடித்தார்கள். நடுவர் விசிலை நீளமாக ஊதி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் சாட்சி ஒன்று சொல்லுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்றார். அப்போது கூட்டத்தில் ஒரு கிழவர், "அந்தப் பொண்ணு இங்கதானே உக்காந்து இருக்குது. இந்த ஊர்ல பொறந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டது. அதைக் கேளுங்க" என்றார்.

அவர்கள் பக்கம், "எங்க ஊர்ப் பொண்ணு பொய் சொல்லாது" என்றார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் கவலையே இல்லை. உண்மை எங்களிடம் இருந்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "என் சம்சாரம் எது சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்" என்றார். பெரிய மாமாவின் முகம்தான் கொஞ்சம் கறுத்தது. தங்கை புருஷன் பக்கம்தான் பேசுவாள் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். ஆண்கள் வழி விட்டார்கள். கோட்டுக்குள் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் நடுவர் அருகில் நின்றாள். நடுவர் கேட்பதற்கு முன் அவளே அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, நீ இன்னா சொன்ன? பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல. மைக்ல சொல்லு."

பெரிய மாமா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, சூடு குறையாமல் சொன்னார். மைதானம் முழுக்கக் கேட்டது.

"இவன் எங்க ஊர்க்காரன். எங்கப்பாவுக்குப் பொறந்தவன். இவனுக்கு வூடு அங்க இருக்குது, நெலத்துல சரி பாதி அங்க இருக்குது. ஆட்டம் மட்டும் இங்க வந்து ஆடுவானா?"

அவர்கள் ஊர் கைதட்டியது. அம்மா தலையாட்டினாள். நடுவர், "மண்ணத் தொட்டுச் சொல்லும்மா. போன ஆடியில காப்பு கட்டின ராத்திரி உன் தம்பி எந்த ஊர்ல படுத்திருந்தான்?" என்று கேட்டார்.

அம்மா குனிந்து, ஆடுகளத்து மண்ணை விரலால் தொட்டாள்.

"அண்ணன் சொல்றது நெசம். எங்கம்மா வூட்லதான் படுத்திருந்தான். அவன் அந்த ஊர்தான்."

 எதிரணிகூடக் கைதட்ட மறந்து நின்றது. வெல்லக்கட்டி ஒன்றைத் தின்றுவிட்டு இல்லை என்று சொன்னதற்காக எனக்கு உள்ளங்கையில் சூடு வைப்பேன் என்று மிரட்டிய அம்மா அவள். அவள் மண்ணைத் தொட்டுப் பொய் சொன்னாள்.  எதிர் வீட்டு அத்தையின் கையைப் பிடித்து, "அத்தை, அம்மா பொய் சொல்லுது" என்றேன்.

"ஊருக்கே தெரியும் பாப்பா, நீ வேற" என்றாள் அவள், வாய் திறந்தபடியே.

அப்பா அடி வாங்கியவர்போல் நின்றார். பால் வண்டிக்காரர், "அண்ணி, இன்னா சொல்றீங்க நீங்க? யோசிச்சுதான் பேசறீங்களா?" என்று ஓடி வந்தார். அப்பா கையை நீட்டி அவரைத் தடுத்தார். "ஒத்துக்கறேன்னு சொல்லிட்டேன். இனிமே பேச்சு இல்ல."

சின்ன மாமா மட்டும் களத்தின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். யாரோ வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வெளியே வந்தார். எல்லைக் கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஏழு பேருக்கு எதிராக ஆறு பேர் ஆடினார்கள். இடைவேளைக்கு முன்பே நாங்கள் மொத்தமாக அவுட்டாகிவிடுவோம் என்று நினைத்தேன். ஆகவில்லை. பால் வண்டிக்காரர் அன்று ஆடிய ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டே புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு பாடிப் போனார். இரண்டு பேரைத் தொட்டார். திரும்பி நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தார். பெரிய மாமாவின் கை அவர் கணுக்காலில் விழுந்தது. நீட்டிய விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மண் இருந்தது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆடியபோது பெரிய மாமாவின் கழுத்தில் மாலை போட்டார்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பும்போது டிரெய்லரில் யாரும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அவள் ஒரு மூலையில், நான் அவள் மடியில். எனக்கும் அவள்மீது சாய்ந்துகொள்ளப் பிடிக்கவில்லை. எதிர் வீட்டு அத்தை யாரையும் பார்க்காமல், "இவ்ளோ நாளா நம்ம கோழிங்கள அந்த ஊருக்கே ஓட்டி விட்டிருக்கலாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஊர் எல்லை வந்ததும் சின்ன மாமா ஒரே ஒரு முறை கேட்டார்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? என்னை ஒரு ஆட்டம் ஆட உட்டு இருக்கக் கூடாதா?"

 அம்மா மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அன்று அவள் சமைத்த குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். யாரும் குறை சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு அப்பா கேட்டார்.

"ஏன்?"

"கப்பு வருஷா வருஷம் வருதுங்க" என்றாள் அம்மா. தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

 அப்பாவும் எழுந்து பின்பக்கம் போனார். இருவரும் தணிந்த குரலில் பேசியது கேட்டது. என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் பேசியதை அப்பா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. அம்மாவின் அப்பா இறந்ததிலிருந்து நிலம் முழுவதையும் பெரிய மாமாவே பயிரிட்டு வந்தார். தம்பிக்குப் பங்கைப் பிரித்துக் கொடு என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொல்லிவந்தார். அவன்தான் உங்க ஊர் ஆளா ஆயிட்டானே, காப்புக்குக்கூட அங்கதானே இருக்கான், அங்கேயே ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிவை என்பார். ஊர்ப் பெரியவர்களிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். பெண்ணாகப் பிறந்தவள் நிலத்தைப் பற்றிப் பேசினால் கேட்க ஆள் இல்லாத காலம். அவளும் இரண்டு வருடமாகப் பேசிப் பார்த்து ஓய்ந்திருந்தாள். அந்த மனிதர் ஒரு கோப்பைக்காகத் தானே எழுந்து நின்று, மலையைச் சுற்றியிருந்த அத்தனை ஊருக்கும் முன்னால், ஒலிபெருக்கியில், தம்பி தன் ஊர்க்காரன், நிலத்தில் சரிபாதி அவனுடையது என்று சொன்னார். தம்பி எங்கள் ஊரில் காப்புக்கு இருந்தான் என்று அம்மா அதற்குப் பிறகு சொல்லியிருந்தால், அண்ணன் அவ்வளவையும் அந்த நிமிடமே திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். அவர் கேட்டதை அவள் கொடுத்தாள். அவர் சொன்னதை அவள் எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அவள் கொடுத்த விலையும் சின்னது அல்ல. எங்கள் தெருப் பெண்கள் அடுத்த பொங்கல் வரை அவளோடு தண்ணீர்க் குழாயடியில் பேசவில்லை. அப்பாவைத் தவிர யாரிடமும் அவள் காரணம் சொல்லவும் இல்லை. சொன்னால், மண்ணைத் தொட்டுச் சொன்ன சொல் பொய் என்று ஆகிவிடும். பிறகு அது யாருக்கும் உதவாது.

ஒன்பது வயதில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. அம்மா பொய் சொன்னாள், நாங்கள் தோற்றோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஒரு நாளும் தவறாத அப்பா, விடிந்ததும் முதல் வேலையாக, இன்று வர மாட்டேன் என்று பால் சொசைட்டிக்கு ஆள் அனுப்பினார். கல்யாணத்துக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சைக்கிளை வாசலில் நிறுத்தி, சின்ன மாமாவைப் பின்னால் உட்காரச் சொன்னார். மாமாவின் மடியில் அவருடைய துணிப்பை இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "உன் பெரிய மாமா ஊருக்கு. அங்க நாலு பெரியவங்கள வரச் சொல்லி இருக்குது" என்றார் அப்பா.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நாங்கள் தோற்றுவிட்டோம், அதனால் அண்டை வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மாமாவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை என்னை இடுப்போடு அணைத்தபடி நின்று பார்த்தாள். அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கூடப் பிறந்த தம்பியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு ஒருத்தியால் எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று திகைத்துப் போனேன்.